ஜப்பானிய வாள்கள்: அஞ்சியதும் வியந்ததும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையின் தொங்கலில் மலாயாப் பென்சனியர் ஒருவர் குடியிருந்தார். மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். சிறுவர்களாகிய நாங்கள் அவரைப் ‘பெரியையா’ என்றே அழைப்போம். எழுபதுகளின் பிற்பகுதியில், மாலை வேளைகளில், விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அமர்ந்தபடி அவர் யுத்த காலக் கதைகளைச் சொல்லுவார். மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தது, வாழைமரப் படம் பொறித்த ஜப்பானிய நோட்டுகள் வெறுங் காகிதமாகிப் போனது, சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டு சென்றது எனக் கதைகள் நீளும். வாளின் கதை வரும்போது மாத்திரம் அவரது குரல் தாழ்ந்துவிடும்.

“தம்பி, யப்பான் ஒபிசரைக் கண்டால் நிண்டு குனிஞ்சு கும்பிட வேணும். குனியாட்டில் கன்னத்தில அறை. நான் ஒருநாள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு போனதில அவனைக் காணேல்லை. அவன் ஒண்டும் பேசேல்லை. வாளை நாலு விரற்கடை இழுத்துக் காட்டிப்போட்டு, திரும்ப உறைக்குள்ள தள்ளினான். அவ்வளவுதான்.”

அந்த நாலு விரற்கடை இரும்பின் வெளிச்சத்தைத் தாம் சாகும்வரை மறக்கப் போவதில்லை என்பார். அவர் 1980களின் தொடக்கத்தில் காலமானார். மறந்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

இந்தப் பின்னணியில் வளர்ந்த எனக்கு, அதே வாளைப் பட்டுத் துணியில் ஏந்திக் கண்கலங்க ரசிக்கும் மனிதர்களும் உலகில் உண்டென்பது நெடுங்காலம் தெரியாது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பத்திரிகையாளர் பயிற்சியொன்றின் பொருட்டு ஜப்பான் செல்ல நேர்ந்தபோதுதான் அது தெரிய வந்தது. எமது மொழிபெயர்ப்பாளரின் உறவினர் ஒருவர், ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர், பழைய வாள்களைச் சேகரிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தமது வீட்டுக்கு அழைத்தார். அவரிடம் இருந்தவை மூன்றே மூன்று வாள்கள்தான். அந்த மூன்றையும் பார்த்து முடிக்க முழுப் பிற்பகலும் போதவில்லை.

பார்க்கும் முறை

வாளைக் கையில் எடுக்கும் முன்னர் ஆசிரியர் அதற்குத் தலைகுனிந்து வணங்கினார். எனக்குப் பெரியையாவின் நினைவு வந்தது. வாயைத் திறந்து அலகின் மேல் பேசக்கூடாது, எச்சில் பட்டால் துருப்பிடிக்கும் என்றார். விரலாலும் தொடக்கூடாது, வியர்வையும் துருவுக்கு வித்து. உறையை இடக்கையில் பிடித்து, கூர்ப்புறம் மேல்நோக்க, முதலில் ஒரு சிறிதளவே வெளியே இழுத்து நிறுத்தினார். உறையின் வாய் தளர்ந்த பின்னரே மீதியை உருவ வேண்டுமாம். அந்தக் கணத்தில் நான் கண்டதும் ஒரு நாலு விரற்கடை வெளிச்சமே.

ஜப்பானிய வாளை ரசிப்போர் வரிசையாக மூன்று விடயங்களைப் பார்ப்பர். முதலாவது உருவம். கமகுரா காலத்து, அதாவது 1185 முதல் 1333 வரையிலான காலத்துத் ‘தாச்சி’ வாள்களில் வளைவு பிடியை அண்டியே ஆழமாக விழும். குதிரைமேல் இருந்து போரிட்டவர்களின் வாள் அது. கூர்ப்புறம் கீழ்நோக்க இடுப்பில் தொங்கவிடப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகன்று நீண்ட பெரிய வாள்கள் தோன்றின. தரைப்படைகளின் போர் பெருகியபோது, கூர்ப்புறம் மேல்நோக்க இடைப்பட்டியில் செருகும் ‘கத்தானா’ வழக்கிற்கு வந்தது. ஆகவே பழகிய கண்ணுக்கு வாளின் உருவமே அதன் காலத்தைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, உருக்கின் மேனி. இரும்பு மணலையும் கரியையும் களிமண் உலையில் இட்டு மூன்று பகல் மூன்று இரவு எரித்துப் பெறும் உருக்கே ‘தமஹாகனே’ ஆகும். கொல்லன் அதனைத் தட்டி, மடித்து, மறுபடி தட்டி, மறுபடி மடிப்பான். இதனால் அழுக்கு நீங்கி, கரியின் செறிவு சீராகும். மடிப்புகளின் தடமோ மெருகேற்றிய பின் மரத்தின் ரேகைபோல் மேற்பரப்பில் தெரியும். இந்த ரேகை பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். யமாத்தோ, யமாஷிரோ, பிசென், சாகமி, மினோ என ஐந்து பிரதேசங்களின் மரபுகளை அடிப்படையாகக் கொண்டே பழைய வாள்களை வகுப்பார்கள்.

மூன்றாவது, ‘ஹமோன்’ எனப்படும் பதக்கோடு. பதமேற்றும் முன் கொல்லன் அலகின் மீது களிமண் கலவையைப் பூசுவான். முதுகுப்புறத்தில் தடிப்பாக, கூர்ப்புறத்தில் மெல்லிதாக. உலையில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது மெல்லிய பூச்சுள்ள கூர்ப்புறம் சடுதியாகக் குளிர்ந்து கடினமாகும். தடித்த பூச்சுள்ள முதுகு ஆறுதலாகக் குளிர்ந்து நெகிழ்வுடன் இருக்கும். கூரும் வேண்டும், முறியாமலும் இருக்க வேண்டும் என்ற இரு தேவைகளுக்கும் கண்ட விடை இதுவே. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெண்பனி படர்ந்தாற்போல் ஒரு கோடு எஞ்சும். சில வாள்களில் அது நேராக ஓடும். பிசென் பிரதேசத்துச் சில வாள்களில் கராம்பு மொட்டுகளை அடுக்கியதுபோல் தோன்றும். விளக்கொளிக்கு நேரே வாளைச் சாய்த்துப் பிடித்தால் அக்கோட்டினுள் நுண்ணிய மணிகள் மின்னுவதைக் காணலாம். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஆசிரியர் எனது மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்பினார். அப்போது தெரிந்தது.

பிடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் அடித்தண்டைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். ஒரு மூங்கில் ஆணியே பிடியையும் அலகையும் இணைத்து வைத்திருக்கிறது. கொல்லனின் பெயர் அந்தத் தண்டில் வெட்டப்பட்டிருக்கும். தண்டின் துருவை ஒருபோதும் துடைக்கக்கூடாது என்பது இத்துறையின் முதல் விதி. நூற்றாண்டுகளின் துரு தனி நிறத்தில், தனி ஆழத்தில் இருக்கும். வயதுக்கு அதுவே சாட்சி. யுத்தத்தில் கிடைத்த வாளைப் பளபளப்பாக்க எண்ணிப் பெறுமதியை அழித்துக்கொண்டவர்கள் மேல்நாடுகளில் பலர்.

பெயரை மாத்திரம் நம்புவதும் ஆபத்து. புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைச் சாதாரண வாள்களில் வெட்டி விற்கும் மோசடி பல நூற்றாண்டுப் பழைமையானது. மறுபுறத்தில், நீண்ட வாள்களைப் பிற்காலத்தில் குறுக்கியபோது தண்டின் அடிப்பகுதி வெட்டப்பட்டு உண்மையான பெயர்கள் மறைந்தும் போயின. ஆகையால் தண்டை மூடி வைத்துவிட்டு, அலகை மாத்திரம் பார்த்துக் கொல்லனின் பெயரைக் கணிக்கும் ஒன்றுகூடல்களை ரசிகர்கள் நடத்துகின்றனர். சரியாகச் சொன்னால் ‘அத்தாரி’, மிக நெருங்கிச் சொன்னால் ‘தோசென்’ என விடைத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள்.

ஆட்சியாளரும் வாளும்

இந்த ரசனைக்கு நீண்ட அரசியல் வரலாறு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதோபா என்ற முன்னாள் பேரரசர் சிறந்த கொல்லர்களை மாதத்திற்கு ஒருவராக அரண்மனைக்கு அழைத்து வாள் செய்வித்தார். 1221இல் கமகுரா ஆட்சியாளருக்கு எதிராக எழுந்து தோற்று, ஒக்கி தீவுக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தவர் அவர்.

1588இல் தொயோத்தோமி ஹிதெயோஷி குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பறிமுதல் செய்யும் கட்டளையைப் பிறப்பித்தார். அவ்விரும்பு கியோத்தோவில் எழும் பெரும் புத்தர் சிலைக்கான ஆணிகளாக உருக்கப்படும், ஆகவே கொடுப்பவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மையுண்டு என்று கட்டளை கூறிற்று. கிளர்ச்சி எழாதிருக்க ஆயுதத்தைக் களைவதே நோக்கம் என்பதை யாவரும் அறிவர். அதே ஹிதெயோஷி சிறந்த பழைய வாள்களைத் தமக்கெனச் சேகரித்தார் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

பின்வந்த தொக்குகாவா ஆட்சியின் இரண்டரை நூற்றாண்டு அமைதியில் வாள் போர்க்கருவி என்ற நிலையிலிருந்து பரிசுப் பொருளாகவும் அந்தஸ்தாகவும் மாறிற்று. ஹொன்அமி என்ற குடும்பத்தார் பரம்பரையாக வாள்களைச் சாணை பிடிப்பதிலும் மதிப்பிடுவதிலும் ஈடுபட்டனர். அவர்கள் எழுதித்தரும் மடித்த சான்றிதழே வாளின் விலையைத் தீர்மானித்தது. எட்டாவது ஷோகன் யோஷிமுனேயின் ஆணைப்படி 1719இல் அக்குடும்பத்தார் நாட்டின் புகழ்பெற்ற வாள்களின் பட்டியலொன்றைத் தொகுத்துக் கையளித்தனர். இன்றும் அப்பட்டியலில் இடம்பெற்ற வாளென்றால் அதற்குத் தனி மதிப்பு.

1876 மார்ச்சில் புதிய மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. சாமுராய் குலத்தவர் ஒரே நாளில் தம் அடையாளத்தை இழந்தனர். வறுமையில் வீழ்ந்த குடும்பங்கள் பரம்பரை வாள்களை விற்றன. கொல்லர்கள் கத்தரிக்கோலும் சமையற் கத்தியும் செய்து வயிறு கழுவினர். 1882இல் ஜப்பானுக்குச் சென்று ஏழாண்டுகள் தங்கிய வில்லியம் ஸ்ரேர்ஜிஸ் பிகலோ என்ற அமெரிக்க மருத்துவர் சேர்த்த கலைப்பொருட்களில் வாள்களும் அடங்கும். பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையின் ஜப்பானியச் சேகரிப்புக்கு அவரது கொடை ஓர் அத்திவாரமாகும்.

கறை படிந்த காலம்

1930களில் இராணுவ ஆட்சியின் எழுச்சியோடு வாளும் மீண்டும் எழுந்தது. 1934இல் தரைப்படை அதிகாரிகளுக்குப் பழைய தாச்சி வடிவிலான புதிய வாள் அறிமுகமானது. யுத்தம் நீள நீள இவை தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாயின. மடித்து அடிக்கப்படாத, எண்ணெயில் தோய்த்துப் பதமிட்ட இவற்றைச் சேகரிப்பாளர்கள் கலைப்பொருளாக மதிப்பதில்லை. எனினும் சில அதிகாரிகள் தமது குடும்பத்தின் பழைய அலகுகளை இராணுவப் பிடியிலும் உறையிலும் பொருத்திக் களத்திற்கு எடுத்துச் சென்றனர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. பிடியைக் கழற்றித் தண்டைப் பார்க்கும் வரை வித்தியாசம் தெரியாது. பெரியையா கண்டது எந்த வகை வாள் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் அது தெரிந்திருக்கத் தேவையில்லை.

எமது தொழில் சார்ந்த ஓர் அவமானத்தையும் இவ்விடத்தில் பதிவு செய்தல் வேண்டும். 1937இன் இறுதியில், நான்ஜிங் நோக்கி முன்னேறிய படையில் இருந்த இரண்டு இளம் அதிகாரிகள், யார் முதலில் வாளால் நூறு பேரைக் கொல்வது எனப் போட்டியிடுவதாக ‘டோக்கியோ நிச்சி நிச்சி ஷிம்புன்’ பத்திரிகை தொடர்ச்சியாகச் செய்தி வெளியிட்டது. விளையாட்டுப் போட்டியின் புள்ளிகளைப் போன்று எண்ணிக்கை அச்சாயிற்று. யுத்தத்தின் பின் அவ்விருவரும் நான்ஜிங்கில் விசாரிக்கப்பட்டு 1948 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டனர். அச்செய்திகளில் எவ்வளவு உண்மை என்ற வாதம் இன்னமும் தொடர்கிறது. அவை அச்சாகின என்பதிலும், மக்கள் வாசித்து மகிழ்ந்தனர் என்பதிலும் வாதமில்லை.

1945இல் தோல்வி வந்தது. தென்கிழக்காசியாவின் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு, எமது கண்டியில் பேராதனைப் பூங்காவைத் தலைமையகமாகக் கொண்டிருந்தவர் என்பது வாசகர்கள் அறிந்ததே. வாளைக் கையளிக்கும் சடங்கு பழைய காலத்தது என மக்ஆர்தர் அதனை விரும்பவில்லை. மவுண்ட்பேட்டனோ தமது பகுதியில் ஒவ்வொரு ஜப்பானிய அதிகாரியும் வாளைக் கையளித்தே ஆகவேண்டும் என வற்புறுத்தினார். தோல்வியை அவர்கள் கண்கூடாக உணரவேண்டும் என்பது அவரது எண்ணம். 1945 நவம்பர் 30ஆம் திகதி பீல்ட் மார்ஷல் தெராவுச்சி சைகோனில் தமது இரண்டு வாள்களை அவரிடம் ஒப்படைத்தார். அவற்றுள் ஒன்று இன்று வின்ட்சர் கோட்டையில் உள்ளது. பர்மாவிலும் மலாயாவிலும் கையளிக்கப்பட்ட ஏராளமான வாள்கள் படைவீரர்களின் பெட்டிகளில் ஞாபகச் சின்னங்களாகக் கடல் கடந்தன.

ஜப்பானிலும் ஆக்கிரமிப்புப் படை வீடு வீடாக வாள்களைக் கேட்டது. குவிக்கப்பட்டவை உருக்கப்பட்டன, கடலில் கொட்டப்பட்டன, சிப்பாய்களின் கைக்கும் போயின. இவ்வேளை ஹொன்மா ஜுன்ஜி என்ற வாளறிஞர், கலைப் பெறுமதியுள்ளவற்றையாவது காக்கவேண்டும் என அதிகாரிகளிடம் மன்றாடினார். கேணல் கட்வெல் என்ற அமெரிக்க அதிகாரி அதற்குச் செவிசாய்த்தார். டோக்கியோவின் அக்காபானே களஞ்சியத்தில் குவிந்து கிடந்தவற்றிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாள்கள் பிரித்தெடுக்கப்பட்டன. 1948இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் உருவானது. அச்சங்கமே 1977இல் ஷிமானே மாநிலத்தில் பழைய முறை உருக்குலையை மீண்டும் மூட்டி, கொல்லர்களுக்கு உருக்கு வழங்கி வருகிறது.

போனதும் திரும்பியதும்

காணாமற் போனவற்றுள் தலையாயது ‘ஹொன்ஜோ மசமுனே’. கமகுராவில் வாழ்ந்த பெருங்கொல்லன் மசமுனேயின் படைப்பு, தொக்குகாவா ஷோகன்களின் குலச்சொத்து. 1939இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. சட்டத்தைத் தாமே முதலில் மதித்துக் காட்டவேண்டும் எனக் கருதிய தொக்குகாவா இயெமசா, 1945 டிசம்பரில் அதனை மெஜிரோ பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தார். 1946 ஜனவரியில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் பொறுப்பேற்றதாகப் பதிவுண்டு. பதிவில் உள்ள பெயரோ எந்த அமெரிக்கருடனும் பொருந்தவில்லை. அதன்பின் அவ்வாளைக் கண்டவர் இல்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அமெரிக்க மருந்து நிறுவனமொன்றின் தலைவரான வைத்தியர் வால்ட்டர் கொம்ப்டன், அட்லாண்டா நகரப் பழம்பொருட் கடையொன்றில் ஒரு தாச்சியை வாங்கினார். தண்டில் ‘குனிமுனே’ என்ற பெயர் இருந்தது. தாம் வாங்கியது என்னவென்று அறிய விரும்பி ஜப்பானிய அறிஞர்களிடம் விசாரித்தார். ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்திலிருந்து யுத்தத்தின் பின் மறைந்த தேசியப் பொக்கிஷம் அது என்று தெரிந்தது. 1963இல் ஒரு சதமும் பெறாமல் அதனைத் திருப்பிக் கொடுத்தார். சட்டப்படி விலைகொடுத்து வாங்கியவர், பேசாமல் இருந்திருந்தால் கேட்பாரில்லை. சேகரிப்பவன் ஒரு பொருளின் சொந்தக்காரனா, காவற்காரனா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் அறியேன்.

இன்று ஜப்பானில் வாள் வைத்திருக்க அனுமதிப்பத்திரம் ஆளுக்கு அல்ல, வாளுக்கே வழங்கப்படுகிறது. மாநிலக் கல்விச் சபையில் பதியப்பட்ட கலைவாளை எவரும் வைத்திருக்கலாம். தொழிற்சாலை இராணுவ வாள்களுக்கு அந்தப் பதிவு கிடையாது. கொல்லர்கள் மாதத்திற்கு இரண்டு நீண்ட வாள்களுக்கு மேல் செய்ய முடியாது. நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்ல கலாசாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆர்வமும் குன்றவில்லை. 2020இல் ஒக்காயாமா மாநிலத்தின் செத்தோஉச்சி என்ற சிறு நகரம், உஎசுகி கென்ஷினோடு தொடர்புடைய ‘சஞ்சோமோ’ என்ற தேசியப் பொக்கிஷ வாளை 50 கோடி யென் கொடுத்து வாங்கியது. அவ்வாள் பிறந்த பிசென் மண்ணிற்கே அதனைத் திரும்பக் கொண்டுவரப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள்.

நான்காவது வாள்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். மூன்றாவது வாள் உறைக்குள் போன பின்னர், மனம் பொறுக்காமல் பெரியையாவின் கதையை ஆசிரியரிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தயங்கினார். பின் சொன்னார்.

ஆசிரியர் பதில் பேசவில்லை. எழுந்து போய் அலுமாரியிலிருந்து ஒரு நீண்ட காகிதச் சுருளைக் கொண்டு வந்தார். ஒரு வாளின் தண்டை மைக்கட்டியால் ஒற்றியெடுத்து, பதக்கோட்டைக் கையால் வரைந்த பிரதி அது. அவர்களது குடும்ப வாள். தகப்பனார் அதனை இராணுவ உறையில் பொருத்திப் பர்மாவுக்குக் கொண்டு போனாராம். 1945இல் அங்கே கையளித்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பினாராம். புறப்படும் முன்னர் பாட்டனார் ஒற்றியெடுத்த இந்தக் காகிதந்தான் மிச்சம். எங்கோ ஒரு வீட்டில், இங்கிலாந்திலோ இந்தியாவிலோ, அந்த வாள் இருக்கலாம்.

“கிடைத்தால் வாங்குவீர்களா?” என்று கேட்டேன்.

“இளமையில் தேடினேன்,” என்றார். “தகப்பனார் பர்மாவில் அதை உறையிலிருந்து எடுத்தாரா என்று ஒருநாளும் நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இப்போது அது கிடைத்தால், முதலில் அலகைப் பார்ப்பேனா, அந்தக் கேள்வியை நினைப்பேனா என்று தெரியவில்லை. ஆகவே தேடுவதை நிறுத்திவிட்டேன்.”

பின்னர் அவர் காகிதத்தைச் சுருட்டினார். உங்கள் பெரியையா இருக்கிறாரா எனக் கேட்டார். இல்லை என்றேன். வாசல்வரை வந்து வழியனுப்பியவர், நாங்கள் தெருமுனை திரும்பும்வரை குனிந்தபடியே நின்றார். அது அந்நாட்டு வழக்கமான மரியாதைதான். ஆயினும் அதனைப் பெரியையாவுக்குச் செய்த மரியாதையாகவே நான் எடுத்துக்கொண்டேன்.